மூடி வச்ச புக்குல இருந்து வந்த பிள்ள

உக்காருங்க. எல்லாரும் அப்படியே உக்காருங்க. ஏட்டி செல்லக்கிளி, தூக்குவாளிய கீழ வையி, அது ஒன்னய விட்டுட்டு எவங்கூடயும் ஓடிப்போவாது. கரண்டு போயிட்டு, கிரைண்டரு பாதி மாவோட நிக்கி, என்னய மொறச்சாலும் வராது, அந்தக் கம்பத்த மொறச்சாலும் வராது. பின்னால யாரு அது இன்னும் பேசுதது? வாய மூடுங்க. புதுசா குடிவந்தவங்க கேக்காங்க, "ஆவுடை மைனி, இந்தத் தெருவுல மட்டும் ஏன் ஒரு புக்கு நல்லாருக்கும்னு சொன்னா, ஒடனே எல்லாரும் 'அதுல எத்தன பேரு?'ன்னு கேக்காங்க"ன்னு. சொல்லுதேன். ஆனா அவங்கவங்க குரல்லதான் சொல்லுவேன், அது எனக்குச் சின்னதுலயே வந்த வியாதி, குரலுக்குச் சொந்தக்காரங்க பாதிப் பேரு இங்கனதான் இருக்கீங்க, கோவம் வந்தா ஒரு கரண்டி மாவு கூட ஊத்துதேன், ஆறிக்கிடுங்க. கோமு மாவு வாங்க வர்றதுக்குள்ள முடிச்சிரணும். அவ முன்னால இதச் சொல்ல எனக்குத் தைரியம் கெடையாது.

மொதல்ல எங்க தெருப் பழக்கத்தத் தெரிஞ்சுக்கிடணும். இங்க ஒரு வீட்டுப் பாத்திரம் இன்னொரு வீட்டுக்குப் போச்சுன்னா வெறுமனே திரும்பி வராது. குழம்பு குடுத்த கிண்ணத்துல ஒண்ணும் இல்லாட்டியும் ஒரு கொத்து கருவேப்பிலையாவது கெடக்கும். அதே பழக்கத்த எங்க ஆளுங்க புக்குக்கும் வச்சிட்டாங்க. முக்குல இருக்க லைப்ரரியில ஒருத்தரு எடுத்த புக்கு நாலு வீடு சுத்தித்தான் திரும்பப் போவும், ஒவ்வொரு வீட்டுல இருந்து போகும்போதும் வெறுங்கையோட குடுக்கப்படாதுன்னு, "அருமையான புக்கு"ன்னு ஒரு வார்த்தைய அதும்மேல வச்சுத்தான் குடுப்பாங்க. தொறந்து பாத்தாங்களா, தலைக்கு வச்சுப் படுத்தாங்களா, சுடுசட்டிய எறக்கி அதும்மேல வச்சாங்களா, அதெல்லாம் யாரு கண்டா? அப்படியே அருமை அருமைன்னு சுத்திச் சுத்தி, ஒரு புக்கு திரும்ப லைப்ரரிக்குப் போய்ச் சேரும்போது கலியாணப் பொண்ணு மாதிரி அத்தன பேரு வாழ்த்தோட போய்ச் சேரும்.

இப்படி இருக்கையில ஒரு நா காலையில பாத்துமுத்து வீட்டு வராந்தாவுல ஒரு இன்ஸ்பெக்டரு உக்காந்திருந்தாரு.

பாத்துமுத்துவத் தெரியும்லா, பீடி சுத்துதவ, கொலை இல்லாத புக்க அவ புக்குன்னே ஒத்துக்கிட மாட்டா. மக பிரசவத்துக்குப் போன அவசரத்துல ஒரு கொலைப் புக்க பாதியில கவுத்திப் போட்டுட்டுப் போயிட்டா, பேரனத் தூக்கிட்டுத் திரும்பி வந்து பாத்தா, தொப்பியும் மீசையுமா ஒரு ஆளு உக்காந்து, வெரல நேரா நீட்டி, "கொலைகாரன் இந்த அறையிலதான்..."ன்னு சொல்லி, அதுக்கு மேல வார்த்த வராம நிறுத்தி, மறுபடியும் மொதல்ல இருந்து, "கொலைகாரன் இந்த அறையிலதான்..."ன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. அவ பயப்படல, கத்தல. "வாங்க சார், டீயில சீனி போடலாமா?"ன்னு கேட்டா. நீட்டுன வெரலுக்கு நேரா துண்டோட வந்து நின்ன அவ வீட்டுக்காரருதான் பாவம், கொஞ்ச நேரம் நின்னு பாத்தாரு, முடியல, "போன பெருநாளைக்குக் கறிச்சட்டிய ஒடச்சது பூனை இல்ல, நான்தான்"னு தானா ஒத்துக்கிட்டாரு.

அப்புறம் ஒவ்வொரு வீடா வந்தாங்க. பாதியில மூடி வச்ச புக்கு எந்த வீட்டுல இருக்கோ அந்த வீட்டுக்கு, மூடுன பக்கத்துல யாரு இருந்தாங்களோ அவங்க, அந்தப் பக்கத்துல என்ன செஞ்சிக்கிட்டு இருந்தாங்களோ அதையே செஞ்சிக்கிட்டு வந்து சேந்தாங்க. டெய்லர் வீட்டுல ஒரு புருசன் பொண்டாட்டி முதுகு காட்டி உக்காந்து அழுதுக்கிட்டே இருந்தாங்க, டெய்லர் சம்சாரம் ரெண்டு பேருக்கும் நடுவுல தோசைத் தட்ட வச்சு, "சாப்புட்டுட்டு அழுங்கம்மா"ன்னு கெஞ்சிக்கிட்டு கெடந்தா. பால்காரரு மக ஒரு ராசா கதைய பரீச்சை வந்துட்டுன்னு பாதியில விட்டா, மறுநாளு பால் சொசைட்டி வேலியோரமா ஒரு படையே ஈட்டியோட வந்து நிக்கி, ஒரு குதிரை அந்த வேலியில இருந்த பூவரசங் கொழையப் பூராத் தின்னுட்டு நிக்கி, சொசைட்டி செயலாளரு வந்து படைத்தலைவருகிட்ட, "ஏற்கனவே தீர்மானம் போடாம நீங்க இங்க நிக்கப்படாது"ங்காரு.

எனக்கு வேல கூடிப்போச்சு. இட்லி மாவு எத்தன கரண்டி வாங்குதாங்கங்கத வச்சே எந்த வீட்டுல எத்தன பேரு பாதிப் புக்குல இருந்து வந்திருக்காங்கன்னு சொல்லிருவேன். இன்னொரு கிரைண்டரு வாங்குனது அந்த நேரத்துலதான், அந்தப் படைக்குப் புண்ணியமாப் போவட்டும்.

லைப்ரரி ஞானதிரவியம் சாரு இருக்காருல்லா, மூக்காலயே பேசுவாரு, வீட்டுல ரசம் சரியில்லாட்டியும் "அமைதி, அமைதி"ம்பாரு, அவருகிட்டப் போய் எல்லாரும் மொறையிட்டோம். அவரு அலமாரியப் பாத்தாரு, எங்களப் பாத்தாரு, "அமைதி. ரூல்ஸ்ல இதுக்கு ஒண்ணும் போடல. எடுத்த புக்க முடிச்சுக் குடுங்க, அவ்வளவுதான்"னாரு. அது சரியாத்தான் இருந்துச்சு. பாத்துமுத்து மிச்சத்த வாசிச்சா. கடைசி வரிய அவ வாசிச்ச அந்த நிமிசம் இன்ஸ்பெக்டரு, "சமையக்காரன்தான்"னு சொன்னாரு, எந்திரிச்சாரு, சட்டைய இழுத்து விட்டாரு, குடிச்சுக்கிட்டிருந்த டீயப் பாதியில வச்சாரு, தெரு முக்குக்கு நடந்தாரு, திரும்பி ஒரு பார்வை பாக்காம போயிட்டாரு. அத்தன நா டீ போட்டுக் குடுத்தவ வாசல்ல நிக்கா, "வாரேன்"னு ஒரு வார்த்த கெடையாது. முடிஞ்சிட்டா அவங்களுக்கு நாம யாரோ.

அதுல இருந்துதான் எங்க தெருவுல "வாசிச்சு அனுப்பியாச்சா?"ங்க பேச்சே வந்துச்சு. புக்கு சிபாரிசு பண்ணுதவனும் மாறிட்டான். "நல்ல புக்கா?"ன்னு ஒருத்தரும் கேக்கது இல்ல. "எத்தன பேரு? சைவமா, கறி தின்னுவாங்களா? ராத்திரி பாடுவாங்களா? சண்டைக் கட்டம் எத்தனாவது பக்கத்துல வருது, அந்தப் பக்கத்துல மூடிறாம இருக்கணும்லா?" இதுதான் கேள்வி. ஒத்த ஆளு மட்டும் வர்ற புக்குக்கு லைப்ரரியில அடிபிடி. கெழவர் ஒருத்தரு தனியாக் கடல்ல போற புக்கு ஒண்ணு இருந்துச்சு, அதுக்குச் சொல்லி வச்சு எடுத்தாங்க, ஏன்னா அவரு பேசவும் மாட்டாரு, மீனும் அவரே பிடிச்சுக்கிடுவாரு.

நம்ம நெல்லையப்பன் அண்ணாச்சி வீட்டுக்கு மட்டும் ஒரு ஈ காக்கா வரல. தாலுகா ஆபீசுல இருந்து ரிட்டயர்டு ஆன மனுசன், வீட்டுல கண்ணாடி பீரோ நெறைய கனமான புக்கு, நெஞ்ச நிமித்திக்கிட்டு தெருவுல நடந்தாரு. "அதாகப்பட்டது, நான் எடுத்த புக்க முடிக்காம வச்சதே இல்ல பாத்துக்கிடுங்க. வாசிப்புன்னா ஒழுக்கம்." அவரு மருமக எங்கிட்ட மாவு வாங்கையில மெதுவாச் சொன்னா, "அத்தனயும் புதுப் புக்கு மைனி, பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கெடக்கு, ஒருத்தரும் பிரிச்சதே இல்ல"ன்னு. வாசிச்சு முடிச்சவங்க வீட்டுக்கும் ஆளு வராது, தொறக்காதவங்க வீட்டுக்கும் ஆளு வராது, வெளிய இருந்து பாக்கதுக்கு ரெண்டு வீடும் ஒண்ணு போலத்தான் இருக்கும். நான் யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் சொல்லுதேன்.

சரி, இப்ப பரமசிவன் கதைக்கு வாறேன்.

பரமசிவன் ஒயரிங் வேல செய்யுதவன், ஜென்மத்துல புக்கு தொட்டவன் கெடையாது. மண்டபத்துல சீரியல் லைட்டு கட்டும்போது ஏணி சறுக்கிக் காலு ஒடஞ்சு, மாவுக்கட்டோட கட்டில்ல கெடந்தான். அவன் பொண்டாட்டி கோமு. எல்லாரு குரலும் எனக்கு வரும், கோமு குரலு மட்டும் வராது, பேசுனாத்தான வரும்? மாவு வாங்க வந்தா தூக்குவாளிய நீட்டுவா, நான் ஊத்துவேன், தலைய ஆட்டுவா, போவா. ரெண்டு பேருக்கும் கலியாணம் ஆகி ரொம்ப வருசம், பிள்ள இல்ல. கோயில் போயாச்சு, ஆஸ்பத்திரி போயாச்சு, அதப் பத்திக் கேக்கவங்களும் கேட்டு ஓஞ்சாச்சு.

படுத்துக் கெடந்த பரமசிவன் ஒரு நா வாசல்ல போறவன் வாறவன எல்லாம் கூப்பிட்டு, "அண்ணாச்சி, பொழுது போவல, சிரிச்சுக்கிட்டே வாசிக்க மாதிரி ஒரு புக்கு சொல்லுங்க, பரீச்சைக்குப் படிக்க மாதிரி வேண்டாம், சும்மா சந்தோசத்துக்கு"ன்னு கேட்டான். அம்புட்டுதான், தெருவே அவன் கட்டிலச் சுத்தி நின்னுட்டு.

நெல்லையப்பன் அண்ணாச்சி ஒரு செங்கல்லு கனத்துக்கு ஒண்ணக் கொண்டாந்தாரு. "அதாகப்பட்டது பரமசிவா, சந்தோசத்துக்கு வாசிக்கதெல்லாம் வாசிப்பா? மனச அறுக்கணும். கண்ணுல ரத்தம் வரணும்."

"ஏற்கனவே கால்ல ரத்தம் வந்துதான படுத்துக் கெடக்கான், கண்ணுலயும் வரணுமா?"ன்னா பாத்துமுத்து. "இந்தா தம்பி, இதுல மொதப் பக்கத்துலயே ரெண்டு பொணம். பொழுது போறதே தெரியாது."

"பொணத்தோட எங்கிட்டுப் பொழுது போவும்? எம் மக வாசிச்ச ராசா கதையக் கேளு"ன்னாரு பால்காரரு.

"ஒம் மக வாசிச்ச கதைக்குத்தான் எங்க மாடு இன்னும் வேலிப்பக்கம் போவ மாட்டேங்கு!"ன்னு பின்னால இருந்து ஒரு குரலு.

கடைசியில எல்லாரும் ஒத்துக்கிட்டது ஒரு பச்சை அட்டைப் புக்கு. அது எல்லாரு வீட்டுக்கும் போய்த் திரும்பி வந்தது, அதனால எல்லாரும் அத அருமைன்னு சொன்னாங்க. சின்னப் பிள்ள ஒருத்தி கதை, பேரு வெள்ளத்தாயி, சேட்டைக்காரி, படிச்சா வயிறு வலிக்கச் சிரிப்பன்னு சொன்னாங்க. எத்தன பேருன்னு பரமசிவன் கேட்டான். கொஞ்சப் பேருதான், சாதாரண ஆளுங்கதான், கீரை தின்னுவாங்கன்னு சொன்னாங்க.

அவன் சத்தம் போட்டுத்தான் வாசிப்பான், ஒவ்வொரு எழுத்தாக் கூட்டி. கோமு முறத்துல எலைய வச்சு பீடி சுத்திக்கிட்டே கேப்பா. நான் போறப்ப வாறப்ப பாத்திருக்கேன், அந்த வெள்ளத்தாயி புளியம்பழம் திருடிட்டு, பிடிச்சவன்கிட்டயே பாதி வித்துட்டு வருவா, பள்ளிக்கூடத்துல ஆட்டுக்குட்டியப் பக்கத்துல உக்கார வச்சு அதுக்கும் அட்டென்டன்ஸ் சொல்லுவா, அதக் கேட்டு கோமு தலையக் குனிஞ்சு சிரிப்பா, சத்தமே வராது, தோளு மட்டும் குலுங்கும். சிரிச்சு முடிச்சு நிமிந்தா கண்ணு வேற மாதிரி இருக்கும். பரமசிவன் அதப் பாத்துட்டு அடுத்த பக்கத்த இன்னும் சத்தமா வாசிப்பான்.

அப்படியே போய்க்கிட்டிருந்து ஒரு எடத்துல அந்தப் பிள்ளைக்குக் காய்ச்ச வந்துட்டு. மழை, வைத்தியரு ஆத்துக்கு அக்கரையில, அக்கரைக்குப் போவ வழியில்ல. பிள்ள பாயில கெடந்து, "அம்மா, தண்ணி"ங்கா. அந்த வரியோட பரமசிவன் படக்குன்னு புக்க மூடிட்டான். "இந்த எழுதுதவனுங்களப் பத்தி எனக்குத் தெரியும் மைனி. சிரிக்க வச்சு சிரிக்க வச்சு இங்கனதான் கொண்டாந்து விடுவான். நான் வாசிக்க மாட்டேன். நான் வாசிச்சாத்தான அவ சாவா? நான் வாசிக்கவே மாட்டேன்"னு சொல்லி, புக்கச் சுத்தி இன்சுலேசன் டேப்ப ஒட்டி, பீரோவுல வச்சுப் பூட்டிட்டான்.

மறுநா காலையில அவங்க வீட்டு நடுவுல, பாயில, ஒரு பிள்ள கெடந்துச்சு.

கோமு யாருன்னு கேக்கல. எங்க இருந்து வந்தன்னு கேக்கல. துண்ட நனைச்சுப் பிழிஞ்சு நெத்தியில போட்டா. பிள்ள கண்ணத் தொறந்து, அவ மொகத்தப் பாத்து, "அம்மா, தண்ணி"ன்னுச்சு. கோமு துண்டத் திருப்பிப் போட்டா. பொறவு போய் செம்புல தண்ணி கொண்டு வந்தா.

தெரு முழுக்கப் பாக்கப் போச்சு. யாரும் வெறுங்கையோட போவல, ஒரு பழமோ, ஒரு கவுனோ, ஒரு பொம்மையோ. பிள்ளைக்கு ஒரு ஏழு வயசு இருக்கும், ஒச்சம் சொல்ல முடியாது, அம்புட்டு லட்சணம். டாக்டரு வந்தாரு, ஊசி போட்டாரு, மாத்திரை குடுத்தாரு. காய்ச்ச ஒரு பொட்டு எறங்கவும் இல்ல, ஒரு பொட்டு ஏறவும் இல்ல. "இது என் கையில இல்லம்மா, எந்தப் பக்கத்துல நிறுத்துனீங்களோ அந்தப் பக்கத்துக் காய்ச்ச"ன்னு சொல்லிட்டு, ஊசியத் தொடச்சு உள்ள வச்சிட்டு எந்திரிச்சாரு. தண்ணி குடுத்தா குடிக்கும், மடக்கு மடக்குன்னு குடிக்கும், குடிச்சு முடிச்சு ஒதட்ட நக்கிட்டு, "அம்மா, தண்ணி"ங்கும். தாகம் அடங்காது. அடுத்த வரி வந்தாத்தான அடங்கும்.

கோமு அன்னையில இருந்து என்கிட்ட ஒரு கரண்டி மாவு கூட வாங்குனா. தண்ணி தவிர எதையும் அந்தப் பிள்ள தொடாதுன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் ஊத்துனேன், அவளும் வாங்கிட்டுப் போனா. குட்டியா ரெண்டு இட்லி அவிச்சு, பிள்ள பக்கத்துல தட்டுல வச்சு, ஆறுனதும் எடுத்து தான் தின்னுட்டு, மறுவேளைக்கு மறுபடியும் அவிப்பா. சடை பின்னிவிட்டா. கதைக்குள்ள பிள்ளைக்கு ஒரு காதுலதான் கம்மல் இருந்துச்சாம், இன்னொண்ணு சேட்டையில தொலைஞ்சது, தன் கம்மல்ல ஒண்ணக் கழத்தி அந்தக் காதுல மாட்டிவிட்டா. அவ பீடிக்கடைக்குப் போவயில பிள்ளைய நான் ஒரு மணி நேரம் பாத்துக்கிட்டேன், என்னயப் பாத்தும் அந்தப் பிள்ள "அம்மா, தண்ணி"ன்னுச்சு, யாரைப் பாத்தாலும் அதத்தான் சொல்லும், அதுக்கு வேற வரி கெடையாது. இத நான் கோமுகிட்டச் சொல்லல. நான் ஊரையே கேலி பண்ணுதவதான், அதுக்காக இதையா சொல்லுவேன்?

பரமசிவனாலதான் தாங்க முடியல. கட்டுப் பிரிச்சு நொண்டி நொண்டி நடக்க ஆரம்பிச்சான், பீரோகிட்டப் போவான், சாவியப் போடுவான், டேப்ப நகத்தால கீறுவான், மறுபடியும் ஒட்டுவான். என்கிட்ட வந்து இந்த ஒரலு பக்கத்துல உக்காந்து அழுவான். "மைனி, வாசிக்காட்டி அது தண்ணி தண்ணின்னே கெடக்கும். வாசிச்சா செத்துருமோன்னு இருக்கு. நான் என்ன மைனி செய்ய? ஏணியில இருந்து தலைகுப்புற விழுந்திருந்தா இந்தப் புக்கே என் கைக்கு வந்திருக்காது." எனக்கு மாவு ஆட்டத் தெரியும், மனுசங்கள மாதிரி பேசிக் காட்டத் தெரியும். அவன மாதிரியே மூக்க உறிஞ்சிக் காட்டுனேன். சிரிச்சான். சிரிச்சிட்டு மறுபடியும் அழுதான்.

"கடைசிப் பக்கத்த மட்டும் பாத்திரேன்"ன்னு டெய்லர் யோசனை சொன்னாரு. டேப்பப் பிரிச்சு கடைசிப் பக்கத்த மட்டும் விரிச்சுப் பாத்துட்டு மறுபடியும் ஒட்டுனான். அதுல மழை விட்டு வெறிச்சுக் கெடக்கு, ரோட்டுல ஒரு மாட்டுவண்டி போவுது, மணிச்சத்தம் கேக்கு. பிள்ள பேரே இல்ல. நடுவுல விட்டுட்டு வாசிச்சது கணக்குல வராது போல, பிள்ளையும் பாயிலதான் கெடந்துச்சு. அதோட தெரு ரெண்டாப் போச்சு.

"அதாகப்பட்டது, பேரே இல்லைன்னா என்ன அர்த்தம்? போய்ச் சேந்துட்டா. நல்ல இலக்கியத்துல பிள்ளைங்க சாவத்தான் செய்யும். அதான் அதுக்கு மதிப்பு"ன்னாரு நெல்லையப்பன் அண்ணாச்சி.

பாத்துமுத்து இடுப்புல கைய வச்சா. "ஏன் அண்ணாச்சி, ஒரு பச்சப்பிள்ள சாவுறதுக்கா நாம வேலைய விட்டுட்டு ஒக்காந்து வாசிக்கோம்? மனசு லேசாகணும்னுதான வாசிக்கோம்? அந்த வண்டி என்ன வண்டி? வைத்தியரக் கூட்டிட்டு வந்த வண்டி! பொழச்சு, வளந்து, கலியாணம் முடிச்சுப் போற வண்டி!"

"அது பாடை கட்டுன வண்டி."

"மணி கட்டியா பாடையக் கொண்டு போவாங்க? ஒங்க தாலுகா ஆபீசுல அப்படித்தான் கொண்டு போவாங்களோ?"

"நீ அந்தப் புக்க வாசிச்சிருக்கியா மொதல்ல?"

"நீங்க வாசிச்சிருக்கீங்களா?"

"நான்... அது அருமையான புக்கு."

"நானும் அதத்தான் சொல்லுதேன், அருமையான புக்கு!"

அப்பத்தான் எல்லாருக்கும் உறைச்சுது. அந்தத் தெருவுல ஒருத்தரும் அந்தப் பச்சை அட்டையத் தொறக்கல. எல்லாரும் சொன்னது அட்டைக்குப் பின்னால போட்டிருந்த நாலு வரியத்தான். தொறந்து பாதியில விட்டிருந்தா பிள்ள அவங்க வீட்டுக்கு முன்னாலயே வந்திருக்கும். கருவேப்பிலை போட்டுக் குடுக்க மாதிரி அருமை அருமைன்னு சொல்லிக் குடுத்து, உள்ள என்ன இருக்குன்னே தெரியாம, பிள்ளையில்லாத வீட்டுல கொண்டு போய் ஒரு காய்ச்சக்காரப் பிள்ளையப் படுக்க வச்சிட்டோம். அன்னைக்கு யாரும் யாரையும் நிமிந்து பாக்கல. நானும் அருமைன்னு சொன்னவதான், எனக்கு எழுத்துக் கூட்டவே சரியா வராது.

யாராவது வாங்கி வாசிச்சுப் பாக்கலாம்னா, பரமசிவன் புக்க வெளிய குடுக்க மாட்டேன்னுட்டான். வேற ஆளு வாசிச்சு முடிச்சாலும் பிள்ள போயிருமோ என்னமோ, யாருக்குத் தெரியும்? அப்பத்தான் ஞானதிரவியம் சாரு எந்திரிச்சாரு. "அமைதி. ஜில்லா லைப்ரரியில இந்தப் புக்கு இன்னொண்ணு இருக்கு. நான் போய் வாசிச்சிட்டு வாரேன்"னாரு. எங்களுக்கு நம்பிக்கையே வரல. அந்த மனுசன் அத்தன வருசமா புக்குக்குள்ளயே உக்காந்திருந்து, முத்திரை குத்துறதுக்காகத் தவிர ஒரு புக்கத் தொறந்ததே இல்ல. "சார், பாதியில விட்டுறாதீங்க, விட்டா ஒங்க வீட்டுக்கும் ஒண்ணு வந்துரும்"னு சொல்லி பஸ் ஏத்திவிட்டோம். முறுக்கு கட்டிக் குடுத்தோம், தண்ணி பாட்டில் குடுத்தோம், சண்டைக்கு அனுப்புத மாதிரி அனுப்புனோம்.

மறுநா சாயங்காலம் பஸ்ஸுல வந்து எறங்குனாரு. பரமசிவன் வீட்டு முன்னால தெருவே நிக்கி. கண்ணு வீங்கி, மூக்கு செவந்து, சட்டை கசங்கி வாறாரு. அந்த மொகத்தப் பாத்ததும் பால்காரரு துண்ட வாயில வச்சிட்டாரு. நெல்லையப்பன் அண்ணாச்சி, "அதாகப்பட்டது..."ன்னு ஆரம்பிச்சவரு நிறுத்திட்டாரு. தான் சொன்னதே பலிச்சிட்டுன்னு ஜெயிச்ச மொகம் இல்ல அண்ணாச்சிக்கு.

உள்ள பாயில பிள்ள கெடக்கு, பக்கத்துல கோமு விசிறிக்கிட்டு இருக்கா. சாரு வாசப்படிய விட்டு உள்ள வந்தாரு. மூக்கச் சிந்துனாரு. "பொழச்சுக்கிட்டா"ன்னாரு.

"என்னது?"

"பொழச்சுக்கிட்டாய்யா! வைத்தியரு பரிசல்ல வந்துட்டாரு. ஆட்டுக்குட்டியக் கூடப் படுக்க வச்சாத்தான் கசாயம் குடிப்பேன்னு அடம் பிடிக்கா. குடிச்சிட்டு எந்திரிச்சு ஓடுதா. அப்புறம் ஒரு இருநூறு பக்கத்துக்குச் சேட்டதான். கடைசியில வர்ற வண்டி அவ பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போற வண்டி. நான்... எனக்கு இப்படி இருக்கும்னு தெரியாதுய்யா. பஸ்ஸுல எல்லாரும் என்னயவே பாத்தாங்க. அழுதேன், சிரிச்சேன். இத்தன நாளா என் பக்கத்துல அந்த அலமாரியிலதான் இருந்திருக்கு!" அமைதி அமைதிங்க மனுசன் அந்தக் கத்து கத்துனாரு.

அதுக்கப்புறம் அந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு எனக்கே வரிசையாச் சொல்லத் தெரியல. பாத்துமுத்து குலவை விட்டா. டெய்லர் ஓடிப்போய் மிட்டாய்ப் பொட்டலத்தோட வந்தாரு. படைத்தலைவரு வேலிப்பக்கம் இருந்து என்னவோ ஏதோன்னு எட்டிப் பாத்தாரு. நெல்லையப்பன் அண்ணாச்சி, "அதாகப்பட்டது, நானும் இதத்தான் உள்ளுக்குள்ள நெனச்சேன்"னு சொல்லி, மொத மிட்டாய எடுத்து வாயில போட்டுக்கிட்டு, செவுத்துப் பக்கமாத் திரும்பி கண்ணத் தொடச்சாரு. பால்காரரு, "அடுத்து எனக்கு அந்தப் புக்கு"ன்னாரு, "எனக்குச் சொல்லி வச்சிருக்கு"ன்னா டெய்லர் சம்சாரம், "நீ மொதல்ல அந்தப் புருசன் பொண்டாட்டிய வாசிச்சு அனுப்பு"ன்னா பாத்துமுத்து. நான் ஒவ்வொருத்தரு மாதிரியும் பேசிக் காட்டுனேன், எனக்கும் நிறுத்தத் தெரியல.

பரமசிவன் சிரிக்கானா அழுவுதானான்னே தெரியல, நொண்டிக்கிட்டே பீரோவத் தொறந்தான், டேப்பப் பல்லால கடிச்சுப் பிச்சு எறிஞ்சான், மூடுன பக்கத்தத் தேடி எடுத்தான், விரல வரியில வச்சான். "கோமு, கேட்டியாட்டி? பொழச்சுக்கிடுவாளாம்! அடுத்த வரியிலயே தாகம் தீந்துருமாம்! வாசிச்சிரட்டுமா? ஒரேயடியா கடைசி வரைக்கும் வாசிச்சிருதேன், என்ன? எத்தன பயந்தோம்! சொல்லு, வாசிக்கட்டுமா?"

"வாசிப்பா, வாசி!"ன்னு தெருவே கத்துச்சு.

"அம்மா, தண்ணி"ன்னுச்சு பிள்ள.

கோமு செம்ப எடுத்தா. பிள்ள தலையத் தூக்கி மடியில வச்சு, பொறுமையா, ஒரு சொட்டு கீழ சிந்தாம குடுத்தா. முந்தானையால வாயத் தொடச்சுவிட்டா. அந்தக் காதுக் கம்மல நேரா ஒதுக்கிவிட்டா. பொறவு தலைய நிமித்தி, மிட்டாய் தின்னுக்கிட்டு நின்ன எங்க அத்தன பேரையும் ஒரு பார்வை பாத்துட்டுச் சொன்னா:

"பொழச்சா மட்டும் எங்கூடயா இருக்கப் போறா?"